பஸ்ஸை மறிக்கும் கை

2009 ஓகஸ்ட் 14

ஈரல் சுருங்கிவிட்டது என்றால் கல்முனையில் முதலில் போத்தலைத்தான் தேடுவார்கள். என் மனிசன் பளீல் ஆயுளில் குடித்தது பிளேன்ரீ மட்டும். ஆனாலும் வெட்கம். யார் கேட்டாலும் "கேஸ்றிக்" என்கிறார். கேஸ்றிக்குக்கு வயிறு பிள்ளைத்தாச்சி மாதிரி வீங்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மரியாதையான சனம்.

ஓகஸ்ட் 17

மட்டக்களப்பில் கிளினிக். வழியில் ஆமிச் சோதனைக்கென்று ஒரேயொரு இடத்தில்தான் பஸ்ஸால் இறக்கினார்கள். சண்டை முடிந்ததை இன்றுதான் நம்பினேன்.

டொக்டர் நல்லரெத்தினம் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "குடிச்சாத்தான் வரும் எண்டில்ல. சீனி வருத்தம், கொழுப்பாலயும் ஈரல்ல தழும்பு விழும்." இறுகிய ஈரலுக்குள் இரத்தம் லேசில் போகாதாம். அதனால்தான் வயிற்றில் தண்ணீர். உப்பைக் குறைக்க வேண்டும். இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ மலம் தார் மாதிரிப் போனாலோ ஓடிவர வேண்டும். குடலில் ஊறும் நஞ்சு தலைக்கும் ஏறுமாம். அதை மலத்தோடு வெளியே தள்ளத்தான் போத்தலில் தந்த இனிப்புப் பாணி மருந்து. இந்த றமழானில் நோன்பு வேண்டவே வேண்டாம் என்றார்.

எனக்கும் ஒரு வேலை தந்தார்: "ஒவ்வொரு நாளும் பஸ்ஸ மறிக்கிற மாதிரிக் கைய நீட்டச் சொல்லுங்க. கை படபடத்தா உடன கூட்டி வாங்க."

வீட்டுக்கு வந்ததும் கருவாட்டை ஒளித்தேன். மனிசன் என்னை எதிரி நாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஓகஸ்ட் 24

நோன்பு பிடிக்கிறார்! "சுனாமிக்குப் பிறகு டென்டுக்குள்ள கிடந்தும் நான் நோன்ப விடல்ல" என்கிறார். அப்போது நல்ல ஈரலும் உங்களோடு டென்டுக்குள் இருந்ததே, மனிசா. கையை நீட்டச் சொன்னால், "நோன்பு நாளையில விளையாட்டா?" என்று முறைக்கிறார்.

ஓகஸ்ட் 29

கறியில் உப்பில்லை என்ற சண்டை இல்லை. பகலெல்லாம் தூக்கம். இப்படிச் சாந்தமான புருஷன் எனக்கு வாய்த்ததே இல்லை. நோன்பு தந்த அருள், பறக்கத்தாக்கும்.

ஓகஸ்ட் 30

"நாச்சியா எங்க?" என்று என்னிடமே கேட்டார். பகிடி எண்டு சிரிச்சன். திரும்பவும் கேட்டார் - பகிடி இல்ல. நானே கையைப் பிடிச்சு நீட்டினன். படபடத்துது. யா அல்லாஹ், என்னையே தெரியல்லியே இவருக்கு!

செப்டெம்பர் 3

வார்ட்டில் தெளிந்துவிட்டார். பாணிப் போத்தல் வீட்டில் நிறைந்தபடியே இருந்ததை நானும் பார்த்துவிட்டேன். ஏனென்று கேட்டேன்.

"அதக் குடிச்சா வயிறு போகுது. ஒழு நிக்குதில்ல. தறாவீஹ் தொழுகைக்க நடுவில எழும்பி ஓடினா சனம் என்ன நினைக்கும்?"

தொழுகைக்காகக் கைகால் கழுவி எடுத்த ஒழு முறியக்கூடாதென்று மருந்தை விட்டிருக்கிறார். அடிக்கவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. வார்ட்டில் இரண்டும் சரிவராது.

நோய் பார்க்க வந்த அப்துல் ஹமீட் மௌலவி சொன்னார்: "ஒழு முறிஞ்சா திரும்ப எடுங்க. பிறகென்னத்துக்குப் பள்ளியில அவ்வளவு தண்ணி? நோன்புக்குப் பதிலா ஏழைகளுக்குச் சாப்பாடு குடுங்க."

தழும்பு மாறாதாம். மிச்ச ஈரலைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர்.

செப்டெம்பர் 12

பள்ளியில் கதவோரமாகக் கடைசி வரிசையில் இடம் பிடித்திருக்கிறார். கேட்பவர்களிடம் இப்போது "ஈரல் வருத்தம், சிரோசிஸ்" என்றே சொல்கிறார். இன்று கறியில் உப்பில்லை என்று கத்தினார். அல்ஹம்துலில்லாஹ்.

ஒக்டோபர் 9

மருந்து வாங்கிக்கொண்டு மெயின் ரோட்டால் நடந்து வந்தோம். காலையில் சோதிக்க மறந்திருந்தேன். "எங்க, பஸ்ஸ மறிங்க பாப்பம்" என்றேன். நீட்டினார். அக்கரைப்பற்று பஸ் உண்மையாகவே நின்றுவிட்டது.

"ஏறுங்க காக்கா!" என்று மரியாதையாகக் கூப்பிட்டான் கண்டக்டர்.

"இல்ல தம்பி, இவ என்ட ஈரலப் பாக்கிறா."

கண்டக்டர் ஏசிக்கொண்டே போனான். கை நீட்டியபடியே இருந்தது. ஆடவில்லை.

"போதுமா?" என்றார்.

இன்னும் கொஞ்சம் வைத்திருக்கச் சொன்னேன்.