முதல் தாளின் முடிச்சு

ஜூன் 3

அருமை மகளுக்கு,

அப்பா சொல்ல, ஜெராக்ஸ் கடை அத்தை எழுதுவது. நீ சுகம்தானே? எனக்கு மூட்டுவலியைத் தவிர குறை ஒன்றும் இல்லை. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நம் ஊர்க் கல்லூரியை மூடி நகரத்துக் கல்லூரியோடு சேர்க்கப் போகிறார்களாம். உன் ஆபீசில் அதற்கான அறிக்கையை எழுதுவது நீதானாம். டீக்கடைக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன பைண்டரே, உங்க பொண்ணுதான் நம்ம தெருவுக்குப் பூட்டுப் போடுதாமே?"

ஏழரை மணி பஸ் யாருக்காக வருகிறது? அது வராவிட்டால் சுற்று ஊர்க் காய்கறி எதில் ஏறும்? மெஸ்காரம்மாவின் நாலு அடுப்பும் யாருக்காக எரிகின்றன? தையல்காரர் தைப்பதில் பாதி ஆய்வகக் கோட்டு. எழுத்தே தெரியாத நான் நாற்பது வருஷமாகப் பிள்ளைகளின் நோட்டுகளைப் பைண்டு பண்ணுகிறேன். ஒன்றைக்கூடத் தலைகீழாகத் தைத்ததில்லை. உன்னையும் அந்தக் கல்லூரியில்தான் படிக்க வைத்தேன்.

கேள்விப்பட்டது பொய் என்று ஒரு வரி எழுது.

வழி பார்த்திருக்கும்
அப்பா

ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உண்மைதான். ஆசைப்பட்டு எழுதவில்லை.

மார்ச்சில் எங்கள் ஆபீசிலிருந்து நம் தெருவுக்கு நாற்பத்து மூன்று படிவங்கள் வந்தன அல்லவா? கல்லூரியால் உங்களுக்குப் பிழைப்பு உண்டா என்பதுதான் அதில் முதல் கேள்வி. நாற்பத்து மூன்றும் பதில் இல்லாமல் வெறும் குறுக்குக் கோட்டோடு திரும்பி வந்தன. கல்லூரியால் ஊருக்குப் பயனில்லை என்று மேலதிகாரி முடிவுகட்டிவிட்டார்.

நான் அந்தத் தெருப் பெண் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இந்தப் பொறுப்பைத் தந்திருக்க மாட்டார்கள். நான் இருந்தால் நம் ஆட்களுக்கு நல்லது என்று மறைத்தேன். இப்போது தெரிந்தால் என் வேலைக்கே உலை.

கூட்டம் இருபத்தைந்தாம் தேதி. கோடு போடச் சொன்னது யார் அப்பா?

மாத்திரையை மறக்காதீர்கள்.

மகள்

ஜூன் 13

அம்மாடி,

சொன்னது நான்தான்.

படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. மேலே இருந்த அரசு முத்திரையைப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, கடை முகப்புகளை இடிக்க வந்தவர்கள் நீட்டிய தாளிலும் அதே முத்திரைதான். அன்றைக்கு அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர் கடைதான் முதலில் விழுந்தது. மறப்பேனா? "யாரும் வாயத் திறக்காதீங்க, கோடு போட்டுக் குடுத்துடுங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

(எழுதுகிற நான் படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டேன். உன் அப்பா ஞாபகத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை. - அத்தை)

நேற்று டீக்கடையில் எல்லாரிடமும் ஒப்புக்கொண்டேன். "உங்க ஞாபகத்த நம்பினோம் பாருங்க, எங்களச் சொல்லணும்" என்றார் தையல்காரர். மெஸ்காரம்மாதான், "திட்டுறத அப்புறம் வச்சுக்கலாம், பேப்பரக் குடுங்க" என்றாள். கல்லூரியால் தங்களுக்கு என்ன பிழைப்பு என்று எல்லாரும் கைப்பட எழுதித் தந்தார்கள். தைத்து அனுப்பியிருக்கிறேன்.

முதல் தாள் என்னுடையது. கோடு ஏன் விழுந்தது என்று அதில் சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறேன். கல்லூரியில் படித்தவர் வீட்டில் உண்டா, இப்போது எங்கே வேலை என்றும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்ததாம். அதற்கும் உன்னைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஒன்றை மறைத்தால் மற்ற தாள்களையும் நம்ப மாட்டார்கள்.

தப்புச் செய்த
அப்பா

ஜூன் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டு வந்தது. இரண்டு முறை படித்தேன். சைக்கிள் கடைக்காரர் ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்: 'கல்லூரி விடுமுறையில் என் வீட்டில் ஒரு வேளைதான் சாப்பாடு.'

உங்கள் தாளோடு இதைக் கொடுத்தால் என் வேலை போகலாம். அந்தத் தாளை எடுத்துவிட்டுக் கொடுத்தால், அன்று கோடு போட்டவர்கள் இன்று ஏன் மாற்றி எழுதினார்கள் என்று கேட்பார்கள். பதில் இருக்காது. மொத்தமும் பொய்யாகிவிடும்.

என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

மகள்

ஜூன் 22

அம்மாடி,

உன் கடிதம் வந்ததிலிருந்து கைக்கு வேலை ஓடவில்லை. தெருவுக்குச் செய்த தப்பைச் சரிசெய்யப் போய் உன் பிழைப்பைக் குத்திவிட்டேன்.

அந்தத் தாளை எடுத்துவிடு. கட்டின் முதுகில், மூன்றாவது துளைக்கு உள்பக்கம் ஒரு சின்ன முடிச்சு இருக்கும். நகத்தால் நெம்பினால் முதல் தாள் மட்டும் கழன்று வரும், மற்றது அசையாது. இதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. தெரு என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். இந்த வயதில் எனக்கென்ன?

(எனக்கு இதில் சம்மதமில்லை. சொன்னதால் எழுதினேன். - அத்தை)

உன்
அப்பா

ஜூன் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்து திரும்பியபோதுதான் உங்கள் கடிதம் மேசையில் கிடந்ததைப் பார்த்தேன்.

கட்டை முழுதாகவே கொடுத்தேன். முதல் தாளை எழுந்து நின்று நானே வாசித்தேன். "இந்தக் கைநாட்டு எங்க அப்பாவோடது" என்றேன். மேலதிகாரி, "இத்தன நாளா ஏம்மா சொல்லல?" என்றார். என்னை இந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை இருக்கிறது, வேலை நிலைக்குமா என்று தெரியாது.

அறிக்கையையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் வேறு இரண்டு பேர் வந்து தெருவில் உட்கார்ந்து நேரில் கேட்பார்கள். அதே முத்திரை போட்ட தாளோடுதான் வருவார்கள். இந்த முறை பேசுங்கள் அப்பா.

மூன்றாவது துளை முடிச்சு எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதானே? கட்டு வந்த அன்றே என் நகம் அதன்மேல் இருந்தது.

உங்கள்
மகள்