அப்பா கொடுத்துவிட்ட மாத்திரைகள்

கடாவு தீவு,
வியாழக்கிழமை.

என் அன்பு லோசலினிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், சிட்னியில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். பயப்படுவாயே என்று அப்பாவைப் பற்றித் தொலைபேசியில் முழுதும் சொல்லவில்லை. போன மாதம் மீன் பிடித்துத் திரும்பும்போது தலை சுற்றி, பாறைமேல் படகை ஏற்றப் பார்த்தார். நர்ஸ் நனிசே ரத்த அழுத்தம் பார்த்தாள், நூற்றுத் தொண்ணூறு. தினமும் மாத்திரை போடுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன், துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னார், பாதியை அக்கரைக் கினிஜோஜி மச்சானுக்குக் கொடுத்துவிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாராம். அவருக்கும் இதே வியாதி, மருந்து கொடுக்கும் இடம் நம் கரையில், அவரிடமோ படகு இல்லை. "கெரெகெரேன்னு வந்து கேட்டுட்டான், இல்லேன்னு சொல்லிட்டு எப்படிடி வெளியே தலை காட்டுறது" என்கிறார். கெரெகெரே என்று உரிமையோடு கேட்டுவிட்டால் உடுத்திய சட்டையையும் கழற்றிக் கொடுக்கிற ஊர்தான், அதற்காக மாத்திரையையுமா? இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் இப்படிப்பட்டவர் என்றுதானே இவரைக் கட்டிக்கொண்டேன், யாரைக் கோபிப்பது.

நனிசே திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து, "அண்ணே, கெரெகெரே, மாசத்துல முதல் செவ்வாய்க்கிழமை உங்க படகு எனக்கு வேணும்" என்றாள். எதற்கென்று கேட்கும் முன்பே அப்பா சரி சொல்லிவிட்டார். அக்கரையில் ரத்த அழுத்தம் உள்ள ஐந்து பேரை ஏற்றிவர வேண்டுமாம், எப்படி மடக்கினாள் பார்!

நேற்று முன்தினம் முதல் பயணம். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றக் கினிஜோஜி கையை நீட்டியதும் அப்பா நனிசேயிடம், "தங்கச்சி, அது கையில்ல, பன்னித் தொடை, உன் பட்டை பத்தாது" என்றார். "நீ குடுத்ததுல பாதி உடைஞ்சு கிடந்துச்சு, கஞ்சப்பயலே" என்று அவரும் விடவில்லை. இருநூறைத் தொட்டிருந்தது அவருக்கு. அவர் தன் பெயர் எழுதிய மாத்திரைப் பையை வாங்கிய பிறகு நனிசேதான் அவரிடம் சொல்லியிருக்கிறாள், அப்பா தனக்கில்லாமல் கொடுத்ததை. கினிஜோஜி படகடியில் வந்து நின்று, "உனக்கு மிச்சம் இருக்குன்னுல்ல நினைச்சேன் மச்சான்" என்றார். அப்பா அவரைக் கைபிடித்து ஏற்றி உட்காரவைத்துவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டதில் அப்பாவுக்கு நூற்று நாற்பதுக்கு இறங்கியிருக்கிறது. நீ வேலை பார்க்கும் அந்த முதியோர் இல்லத்தில் எல்லோர் கையிலும் பட்டை சுற்றுகிறாயே, உன் கையிலும் ஒருமுறை சுற்றிப் பார்த்து எனக்கு எழுது, மறக்காதே. கர்த்தர் உன் போக்கிலும் வரவிலும் துணையிருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மெரேவலேசி