கேதார்நாத்துக்கு எண்ணெய்க் குளியல் இல்லை

ரிஷிகேசம், 12-5-1958

சௌபாக்கியவதி உலகம்மாளுக்கு,

கேதார்நாத் மலைக்குக் கூட்டிப்போக வந்த நேகி, நேற்று மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டான். பயப்படாதே, இன்று படிந்துவிட்டான். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே?

தப்பு என்னுதுதான். குற்றாலத்து நினைப்பில் எண்ணெய் தேய்த்துக் கங்கையில் முங்கினேன். லேசாகக் காய்ச்சல், இப்போது இல்லை. நேகி பட்டாளத்தில் நம்மூர்க்காரர்களோடு இருந்தவன், தமிழ் பேசுதான்.

“அண்ணாச்சி, மேல பனியில இப்படிக் குளிச்சா உம்மச் சுமக்க எனக்கு முதுகு கிடையாது. வேற ஆளப் பாரும்.”

“குளிக்காம சாமி கும்பிடவாலே?”

இவனை விட்டால் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. விட்டுக்கொடுத்தேன்.

மலை இறங்கி வேலைக்குத் திரும்பிவிடுவேன், தில்லிக் கடைக்கே சுக்குப்பொடி அனுப்பு. விலாசத்தை நீயே எழுது, உன் கையெழுத்தைப் பார்த்து மூன்று மாசமாச்சு. தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

நேகியோடு பேசின பேச்சு: பன்னிரண்டு நாள், நாளுக்கு நாலு ரூபாய், எண்ணெய் கூடாது, கௌரிகுண்டத்து வெந்நீர் ஊற்றில் மட்டும் ஒரே ஒரு முழுக்கு.