மெஷினே, அவர்கிட்ட சொல்லு

செப்டம்பர் 8, திங்கள்

பத்து ஜெர்சிக்கு எண் தைத்தேன். மூன்றாம் எண்ணின் வயிறு உப்பிவிட்டது. பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

இந்த நோட்டைப் பேத்தி கொடுத்தாள். அவளும் எங்கள் கால்பந்து கிளப்பில்தான் வேலை பார்க்கிறாள். பிசியோ. ஆட்டக்காரர்களுக்குச் சுளுக்கெடுப்பவள். "உன் கோபத்தையெல்லாம் இதுல எழுதிடு பாட்டி, என் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்றாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டப் பழகியதே பேப்பரில் வரும் புள்ளிப் பட்டியலைப் பார்த்துத்தான். இதைப் படிக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். படிப்பாள்.

என் கோபத்துக்கு ஒரு நோட்டு எங்கே போதும்? இருந்தாலும் முதல் இடம் அவனுக்கு.

செப்டம்பர் 9

அவன் என்றால் புதுக் கோச். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே கிளப்பில் ஒன்பதாம் எண் போட்டு ஆடியவன். அந்த வருஷம் கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று. ஜெயித்தால் இரண்டாம் டிவிஷனை விட்டு முதல் டிவிஷனுக்கு ஏறிவிடலாம். பெனால்டி கிடைத்தது. இவன் ஓடி வந்து உதைத்தான். பந்து கோல் கம்பத்துக்கு மேலே, காலரிக்கு மேலே, விளக்குக் கம்பத்துக்கும் மேலே போய்விட்டது. அன்றைக்கு நான் அவனுக்கு வைத்த பெயர் வானம்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். பெனால்டியைத் தவறவிடாதவன் யார்? ஆனால் மறுநாள் பேப்பரில் சொன்னான் பாருங்கள்: "ஜெர்சி தோளைப் பிடித்தது. கையை வீசி ஓடிவர முடியவில்லை."

அந்த ஜெர்சியைத் தைத்தவள் நான். அப்போது துணி வெட்டுவதிலிருந்து எல்லாம் என் கைதான். காலால் உதைக்கிற பந்துக்கு என் கைத்தையல் குற்றமாம். ஊரே சிரித்தது. காய்கறிக் கடைக்காரர் ஒரு மாசம் "என்னம்மா, தோள் பிடிக்குதா?" என்று கேட்டுக்கேட்டே தக்காளி நிறுத்தார். அந்த மாசத்தோடு அந்தக் கடைக்குப் போவதை விட்டேன். அவர் செத்து எட்டு வருஷம் ஆகிறது. இப்போது மகன் நடத்துகிறான். மகனிடமும் வாங்குவதில்லை.

செப்டம்பர் 15

வானம் இன்று என் அறைக்கு வந்தான். காலரிப் படிகளுக்குக் கீழே இருக்கிற அறை. கூரை சரிவு, குனிந்துதான் வர வேண்டும். குனிந்தான். எனக்கு நிறைவாக இருந்தது.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

கிளப்பில் எல்லோருக்கும் நான் பாட்டி. இவனுக்கு மட்டும் இன்னும் அக்கா. அதில் மயங்குகிற ஆள் நான் இல்லை. தையல் மெஷினைப் பார்த்துச் சொன்னேன்: "மெஷினே, வேலை நேரத்துல இங்க யாரும் நலம் விசாரிக்கிறதில்லன்னு அவர்கிட்ட சொல்லு."

பிறகு அவனும் மெஷின் பக்கம் திரும்பி, "மெஷினே, ஏழாம் நம்பர் சட்டையைச் சின்னதாக்கணும். பையன் மெலிஞ்சுட்டான்" என்றான்.

சின்னதாக்கினேன். மெஷின் சொன்னதற்காக.

அக்டோபர் 5, ஞாயிறு

மூன்று – பூஜ்யம். ஜெயித்துவிட்டோம். என் சந்தோஷத்தில் பாதியை அவன் தின்றுவிட்டான்.

அக்டோபர் 6

பேத்தி கேட்கிறாள்: "உனக்கு கிளப் ஜெயிக்கணுமா, அவர் தோக்கணுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு."

ரெண்டும்தான். அதெப்படி முடியும் என்கிறாள். கடவுளுக்கு இது ஒரு கஷ்டமா?

டிசம்பர் 14, ஞாயிறு

பாதி சீசன் முடிந்தது. பன்னிரண்டு அணிகளில் நாங்கள் இரண்டாவது. முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மேலே போவார்கள். பட்டியலை மூன்று முறை படித்தேன். மேலேயிருந்து படித்தால் சீக்கிரம் வந்துவிடுகிறோம். இத்தனை வருஷம் கீழேயிருந்து படித்துத்தான் பழக்கம்.

ஒன்பதாம் எண்ணில் இப்போது ஆடுகிறவனை நெட்டை என்பேன். என் அறைக்கு வரும்போதெல்லாம் நெற்றியை இடித்துக்கொள்கிறான். இதுவரை பதினாலு கோல். நெற்றிக்காயமும் பதினாலு இருக்கும்.

பிப்ரவரி 16

பேப்பரில் வானத்தின் பேட்டி. "இந்த வருஷம் மேலே ஏறாவிட்டால் மூட்டை கட்டிவிடுவேன்." கத்தரித்து மெஷினுக்கு எதிரே சுவரில் குத்திவைத்தேன். சொன்ன சொல்லை அவன் மறந்தாலும் நான் மறக்கக் கூடாது இல்லையா.

மாலை வந்தவன் அதைப் பார்த்தான். "மெஷினே, போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றான்.

இவனுக்கு ரோஷம் என்பதே கிடையாதா?

மார்ச் 22, ஞாயிறு

தோல்வி. சேறு. மைதானத்தில் இருபத்திரண்டு சட்டை, எல்லாம் ஒரே நிறம். கிளப் சலவைக்காரர் எங்கள் அணி எது என்று என்னைக் கேட்கிறார்.

ஏப்ரல் 18, சனி

கம்பெனியிலிருந்து புது ஜெர்சிகள் வந்தன. கடைசி மூன்று ஆட்டத்துக்கு. இப்போதெல்லாம் சட்டை தைத்தே வந்துவிடுகிறது. எண் வைப்பதும் கிழிந்தால் ஒட்டுப் போடுவதும் என் வேலை.

நெட்டை போட்டுப் பார்த்துவிட்டு நெளிந்தான். "பாட்டி, கோவிச்சுக்காதீங்க. முதுகுல என்னமோ இழுக்குது."

அளந்தேன். தோள் சரி, மார்பு சரி. கையைத் தூக்கச் சொன்னேன். முதுகுத் துணி மேலே ஏறியது. திருப்பிப் போட்டுப் பார்த்தால் – கம்பெனிக்காரர்கள் வலது கையை இடது பக்கமும் இடது கையை வலது பக்கமும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். சட்டைக் கையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் ஆழமாகக் குடைந்து வெட்ட வேண்டும். மாற்றி வைத்தால் பார்வைக்குத் தெரியாது. இஞ்ச் டேப்புக்கும் தெரியாது. கையை வீசி ஓடுகிறவனுக்குத்தான் தெரியும்.

"இத்தனை பெரிய கம்பெனி, வலது இடது தெரியல" என்று சலவைக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். டீ ஆறிப்போகும்வரை சிரித்தேன். பிறகு பிரித்து, கைகளை மாற்றி வைத்துத் தைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஜெயித்தோம். நெட்டை இரண்டு கோல். நான் சரியாகப் பார்க்கவில்லை. கையை வீசி ஓடுகிறவனுக்குத்தான் தெரியும் – இதை நேற்று நானே எழுதியிருக்கிறேன். அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 20

காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் வானத்தின் அந்தப் பழைய ஜெர்சி. அவன் கழற்றிக் கூடையில் எறிந்ததைத் துவைத்து மடித்து வைத்தவள் நான்தான். அன்றைக்கே அளந்தேன். தோள் சரி, மார்பு சரி. யார் வந்து கேட்டாலும் காட்டலாம் என்று வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

இன்று உள்பக்கம் திருப்பினேன்.

ஏப்ரல் 21

கை மாறித்தான் இருக்கிறது.

ஏப்ரல் 24

அந்த ஜெர்சி தைத்த வாரம் வீட்டில் பேத்திக்குக் காய்ச்சல், அப்போது அவள் கைக்குழந்தை. இரண்டு நாளில் பதினெட்டு சட்டை தைத்தேன். எந்த நேரத்தில் எதை மாற்றினேனோ. அது ஒரு சாக்கா? சாக்கு சொல்கிறவனை இருபத்தொரு வருஷமாகக் கரித்துக்கொட்டியவள் நான்.

பேத்தியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தாள். அப்புறம், "போய்ச் சொல்லிடு பாட்டி" என்றாள்.

"எப்படிச் சொல்றது?"

"மெஷின்கிட்ட சொல்லு. அது சொல்லிக்கும்."

கொழுப்பு. யாரிடமிருந்து வந்தது என்று தெரியும்.

ஏப்ரல் 29

வானம் இரண்டு முறை வந்து போனான். இரண்டு முறையும் வாயைத் திறந்தேன். ஒரு தடவை இருமல் வந்தது. இன்னொரு தடவை நானே வரவழைத்துக்கொண்டேன்.

மே 3, ஞாயிறு

தோற்றுவிட்டோம். இன்றே முடித்திருக்கலாம். இப்போது நாங்கள் நாற்பத்தொன்று, மூன்றாவதாக இருப்பவர்கள் நாற்பது. அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில், அந்த மூன்றாவது அணியோடுதான். சமன் செய்தால் போதும், மேலே போகலாம். தோற்றால் அவர்கள் போவார்கள். இவன் மூட்டை கட்டுவான்.

சுவரில் குத்திவைத்த பேட்டியைக் கிழித்தேன். முன்னாலேயே கிழித்திருக்க வேண்டும்.

மே 6

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். பின்னால் பேத்தி வேறு மாதிரி சொல்லுவாள்.

வானம் ஒரு பெரிய தோள்பையோடு வந்தான். ஜிப் பல்லிளித்துக்கொண்டு இருந்தது. "மெஷினே, இந்த ஜிப்பை மாத்தித் தரணும். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் தேவைப்படலாம்" என்றான். முகத்தில் சவரம் இல்லை.

"பையை அங்க வெச்சிட்டு உட்காரு" என்றேன்.

அவன் மெஷினைப் பார்த்தான்.

"அது பேசல. நான்தான் பேசறேன்."

உட்கார்ந்தான். நான் அந்த ஜெர்சியை விரித்து, உள்பக்கம் திருப்பி, தையலைத் தொட்டுக் காட்டினேன். "கையை மாத்தி வெச்சுட்டேன். உனக்கு இழுத்திருக்கும். நீ சொன்னது நிஜம். நான்தான் இத்தனை வருஷமா –" அதற்கு மேல் வரவில்லை. இந்த முறை இருமலும் வரவில்லை.

தையலை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "அக்கா, அன்னைக்கு எனக்குச் சட்டை பிடிக்கவே இல்ல" என்றான்.

"என்னது?"

"பொய் சொன்னேன். பயத்துல கால் கிடுகிடுன்னு ஆடுச்சு. சட்டை இழுத்ததா இல்லையான்னு கவனிக்கிற நிலைமையிலயா இருந்தேன்? மறுநாள் நிருபர் வந்து கேட்டதும் வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சட்டைமேல பழியைப் போட்டா, சட்டை திருப்பிப் பேசாதுல்ல."

"சட்டை பேசாது. தைச்சவ பேசுவாளே."

"எங்கக்கா பேசினீங்க? இருபத்தொரு வருஷமாச்சு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நிஜம் சொன்னான் என்று நான் உருகிக்கொண்டிருந்தால், இவன் பொய்தான் சொன்னானாம். அந்தப் பொய் தானாகவே நிஜமாகிவிட்டதாம். இதில் நான் யாரை மன்னிப்பது? "இழுத்திருக்கும்" என்கிறேன், "இல்லக்கா" என்கிறான். "தப்பு என்னுது" என்கிறேன், "என்னுது" என்கிறான். அவன் பெனால்டியை அவன் விடமாட்டேன் என்கிறான், என் தையலை நான் விடமாட்டேன் என்கிறேன்.

கடைசியில், "போட்டுக் காட்டு, தெரிஞ்சுடும்" என்றேன். போட்டான். தலை போயிற்று, கைகள் போயின, வயிற்றுக்கு மேலே நின்றுவிட்டது. இரண்டு கையும் மேலே தூக்கினபடி மாட்டிக்கொண்டான். உள்ளேயிருந்து குரல் மட்டும்: "இப்ப நிச்சயமாப் பிடிக்குதுக்கா."

சலவைக்காரரைக் கூப்பிட்டு, இருவருமாகச் சேர்ந்து உருவி எடுத்தோம். அவர் எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

போகும்போது பையைக் காட்டி, "எப்ப வாங்கிக்கலாம்?" என்றான்.

"வேலை நிறைய கெடக்கு. இப்போதைக்கு ஆகாது."

மே 10, ஞாயிறு

பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

இருபத்தொரு வருஷம் காத்திருந்து மேலே ஏறுகிற அன்றைக்கு ஒரு கோல்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தொண்ணூறு நிமிஷமும் பந்து எங்கள் கோல் பக்கமே குடியிருந்தது. நான் சலவைக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நகம் பதிந்திருக்கிறது, நாளைக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும்.

எழுபதாம் நிமிஷம் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. நெட்டை பந்தை வைத்தான். வானம் திரும்பி நின்று காலரிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெனால்டி என்றால் அவன் பார்ப்பதில்லை என்று பேத்தி சொன்னாள். நெட்டை ஓடி வந்தான். கை இரண்டும் அழகாக வீசி வந்தன, ஒரு சுருக்கம் இல்லை. உதைத்தான்.

விளக்குக் கம்பத்துக்கு மேலே.

காலரி மொத்தமும் மூச்சை விட்டது. வானம் சத்தத்தைக் கேட்டே தெரிந்துகொண்டு திரும்பினான். தலையில் கைவைப்பான் என்று பார்த்தேன். நெட்டையைப் பார்த்து இரண்டு கையையும் தட்டினான். "ஓடு, ஓடு, பந்து அங்க" என்று கத்தினான். அவ்வளவுதான்.

பிறகு இருபது நிமிஷம். அதை எழுதவேண்டியதில்லை.

விசில் ஊதிய பிறகு எல்லோரும் கட்டிப்பிடித்து உருண்டார்கள். இத்தனை சட்டையையும் நாளை யார் ஒட்டுப் போடுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நெட்டை மட்டும் நேராக என் அறைக்கு வந்தான். நெற்றியை இடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

"பாட்டி, நிருபர் வந்து கேட்டா நான் சொல்லிடறேன். சட்டையில ஒரு தப்பும் இல்ல."

இவனுக்கு யார் சொன்னது? பேத்தி. வேறு யார்.

ஜூன் 8, திங்கள்

வரும் வழியில் அந்தக் காய்கறிக் கடையில் தக்காளி வாங்கினேன். அரைக் கிலோதான். ஒரேயடியாக இறங்கிவிடக் கூடாது.

முதல் டிவிஷனில் கோச்சுகள் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பார்களாம். வானத்துக்கு வெட்டித் தைத்து இன்று போட்டுப் பார்த்தோம். அதற்கு முன் வலது கை எது, இடது கை எது என்று நாலு முறை பார்த்துக்கொண்டேன்.

"கையைத் தூக்கு. பிடிக்குதா?"

"இல்லக்கா."

"நிஜத்தைச் சொல்லு."

"கொஞ்சம். இடது பக்கம்."

பிரித்தேன்.

அவன் பை இங்கேதான் கிடக்கிறது. நூல்கண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறேன். ஜிப் இல்லாதது வசதியாகத்தான் இருக்கிறது, கையை விட்டால் எடுத்துவிடலாம்.