எல்லா வயதினரும் பார்க்கலாம்

மார்ச் 6, புதன்

வாயாடியின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உங்களோடு சினிமாவுக்குப் போய்விட்டு வந்த பெண் அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. வாயாடி என்று நாம் பெயர் வைத்த பிள்ளை, பசித்தால் தட்டைக் காட்டுகிறாள். பள்ளியில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாளாம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டையில ஒண்ணுமில்லம்மா. எதையாவது பார்த்துப் பயந்துட்டாளா?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தியேட்டர் வாசலுக்குப் போய்ப் போஸ்டரைப் பார்த்தேன். கிணற்றிலிருந்து எழும்பி வருகிற கொம்பு வைத்த தவளை, வாய் நிறையப் பல். ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டுகிற மூஞ்சியா அது? நான் மருந்துக்கடையில் நிற்கிறவள். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்காமல் ஒரு இருமல் மருந்துகூட எடுத்துக் கொடுத்ததில்லை. நீங்கள் கார்ட்டூன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப்போவீர்களா?

போனில் பேசினால் சண்டை வரும், பிள்ளை காதில் விழும், எழுதினால் கத்த முடியாது என்று சொன்னது நீங்கள்தான். முடியும். கத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பதிலைக் கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வாயாடியின் அம்மா

*

மார்ச் 8, வெள்ளி

மருந்துக்கடை மகாராணிக்கு,

கண்ணை மூடிக்கொண்டு போனேனா? நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நானே ஏறி மேலும் கீழும் போய்ப் பார்க்காமல் எந்த லிஃப்ட்டையும் ஜனங்களுக்குத் திறந்துவிட்டதில்லை. படத்துக்கும் அதைத்தான் செய்தேன். முதல் நாளே அரைநாள் லீவு போட்டுத் தனியாகப் போனேன். சுற்றிலும் பிள்ளைகளும் அம்மாக்களும், நடுவில் மீசையோடு நான் ஒருத்தன். டிக்கெட் கிழிக்கிறவர், "குழந்தை எங்க சார்?" என்றார். "நாளைக்கு வரும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தத் தவளை கொம்பை ஆட்டினாலே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ரத்தம் இல்லை, சாவு இல்லை. சண்டை போட்டு ஆளுக்கொரு கோபுரத்தில் இருக்கிற ராஜாவும் ராணியும் கடைசியில் இறங்கி வந்து கட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று சர்டிபிகேட்டே கொடுத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், கடைசியில் நான் கொஞ்சம் அழுதேன்.

எது நடந்தாலும் என் தலையை உருட்டுவது உனக்குப் பழக்கமாகிவிட்டது. "தொணதொணக்காதே, வாயை மூடு" என்று நீயே அதட்டியிருப்பாய். முதலில் படத்தைப் பார், அப்புறம் பேசு.

வாயாடியின் அப்பா

*

மார்ச் 11, திங்கள்

வாயாடியின் அப்பாவுக்கு,

பார்த்துவிட்டேன். கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் உட்கார்ந்தேன். தவளையைப் பற்றி நான் சொன்னது தப்பு. அது பாவம், சரியான கோமாளி.

ஆனால் ராஜாவும் ராணியும் எதனால் இறங்கி வந்தார்கள் என்று ஏன் எழுதவில்லை? அந்தக் குட்டி இளவரசி கிணற்றடிக்குப் போய், தன் பேச்சைத் தவளையிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அப்பா அம்மாவைக் கேட்கிறாள். அதற்கப்புறம் ஊமையாகத் திரிகிறாள். அதைப் பார்த்துத்தானே இரண்டு பேருக்கும் மனசு மாறுகிறது?

வீட்டுக்கு வந்து அவளை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். "உன் பேச்சைத் தவளைகிட்ட குடுத்துட்டியா கண்ணு?" தலையை ஆட்டினாள். "அப்பா திரும்பி வரணும்னுதானே?" முகமெல்லாம் சிரிப்பு.

ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது நல்ல படமாக இருக்கலாம். நம் பிள்ளைக்கு ஆகாது. பயம் காட்டுமா என்றுதான் நீங்கள் பார்த்தீர்கள், நானும் அதைத்தான் பார்த்தேன். இவள் ஆசைப்பட்டுவிடுவாளே என்று நமக்குத் தோன்றவே இல்லை.

நாம் சேரப்போவதில்லை. கோர்ட்டிலும் சொல்லியாயிற்று. அவளிடம் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் வாசலில் நின்று, "எப்பப்பா வீட்டுக்கு வருவே?" என்று கேட்கிறாள். நீங்கள் "பார்க்கலாம்டா" என்கிறீர்கள். வியாழக்கிழமை சாயந்திரம் வாருங்கள். இரண்டு பேருமாக உட்கார்ந்து சொல்லிவிடுவோம். அந்தக் கெட்ட பெயரை என் ஒருத்தி தலையில் கட்டாதீர்கள்.

வாயாடியின் அம்மா

*

மார்ச் 13, புதன்

மகாராணிக்கு,

நீ கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். புரிந்துவிட்டது. "வேணாம்டா" என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உனக்கு ஒருவேளை மனசு இறங்குமோ என்று நினைத்தேன். அது ஒரு குற்றமா?

திட்டிக்கொள். ஆனால் பிள்ளை ஆசை ஆசையாகக் காத்திருக்கும்போது முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல என்னால் ஆகாது. உனக்குக் கல்நெஞ்சு, நீயே சொல். நான் வரமாட்டேன்.

வாயாடியின் அப்பா

*

மார்ச் 15, வெள்ளி

ஐயா,

தெரிந்துகொண்டே சும்மா இருந்தீர்கள். நான் அதட்டியிருப்பேன் என்று பழியையும் என்மேல் போட்டீர்கள். எனக்குத் தெரிந்த வசவு எதுவும் இதற்குப் போதவில்லை. யாரோ முகம் தெரியாதவர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிற மனுஷன், சொந்தப் பிள்ளை தவிக்கும்போது வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்.

வரமாட்டேன் என்று நீங்கள் எழுதிய பிறகும் நேற்று உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். என் புத்தி அப்படி. இருட்டுகிறவரை பார்த்துவிட்டு நானே சொன்னேன். "அப்பாவும் அம்மாவும் இனிமே ஒரே வீட்டுல இருக்கமாட்டோம் கண்ணு. நீ பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி. இதெல்லாம் உன்னால வந்ததும் இல்ல, உன்னால மாத்தவும் முடியாது." உங்களைப் பற்றி ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்துகொண்டே வந்தது. பிறகு வாயைத் திறந்தாள்.

"அப்ப நான் எதுக்கு இத்தன நாளா பேசாம இருந்தேன்?"

குரல் கரகரவென்று இருந்தது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. தலையணையை வீசினாள், உங்கள் நாற்காலியை உதைத்துத் தள்ளினாள், என்னைப் பொய்க்காரி என்றாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருக்கலாம்ல?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக் கத்தினாள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு?

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம், படிக்கமாட்டேன். இதை உங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். நாளை சனிக்கிழமை, வழக்கம்போல அவளைக் கொண்டுவந்து விடுவேன். உங்களிடமும் கத்த வேண்டுமாம். ஓடி ஒளியாமல் வீட்டில் இருங்கள்.

வாயாடியின் அம்மா