லைட் எரிந்தபின் மூன்று கிலோமீட்டர்

எங்கே போனாலும் முன்சீட்டில், எனக்கு இடது பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்த என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் முப்பத்தாறு நாள் ஆகிறது. வண்டியை இன்னும் விற்கவில்லை. உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் விற்பதாகத்தான் இருந்தது.

வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்க எழுதுகிறவள் இல்லை நான். ஆனால் என்னைப் பற்றிய ஒரு கதை எரியோட்டில் கிளம்பி வடமதுரை வரைக்கும் போய்விட்டது. கதை ஊரெல்லாம் சுற்றும்போது பதிலை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி மூடி வைப்பானேன்?

அன்றைக்கு நம் வண்டியில் இன்ஜின் லைட் எரிந்துகொண்டிருந்ததாம். நான் அதைக் கவனிக்காமலே ஓட்டினேனாம். வண்டி இழுக்காமல் திணறியதாம். திண்டுக்கல் போய்ச் சேர நேரமாகிவிட்டதால்தான் நீங்கள் வழியிலேயே போய்விட்டீர்களாம். இதுதான் அந்தக் கதை. இதைச் சொன்னவர் யாரோ அல்ல, உங்கள் கூடப் பிறந்த அண்ணன்.

அன்று காலை நான் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கேட்டதற்கு, "வாயுதான் தாயி. ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றீர்கள். குடித்தீர்கள். சரியாகவில்லை. அரை மணி நேரம் கழித்து நீங்களாகவே, "கெளம்புவமா?" என்று கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. நீங்களாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை.

இருபது கிலோமீட்டர்ச் சொச்சம். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுவிட்டு, ஓட்டக் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று சொல்லி, நான் ஓட்டுவதற்காகவே பழைய கார் வாங்கிய ஆள் நீங்கள். வழியெல்லாம் எதிரே வரும் லாரியைச் சொன்னீர்கள். மேட்டைச் சொன்னீர்கள். தாடிக்கொம்புக்கு முன்னால் ஒரு பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டே, "எறங்க ஆளில்ல. போலாம், ரைட்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் பேசவில்லை. நான்தான் ஆஸ்பத்திரி வாசல் வரை பேசிக்கொண்டே போனேன்.

சித்தப்பா மகன்தான் அன்று மாலை வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தான். மூன்றாம் நாள் பெரியப்பா அதைக் கழுவினார். வெறுமனே கழுவவில்லை. நாலு கதவையும் திறந்து, பானட்டைத் தூக்கி, போர் மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்பால் அடித்தார். பிறகு ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, நீங்கள் உட்கார்ந்திருந்த சீட்டில் பாதியும் இன்ஜின் மேல் மீதியும் ஊற்றினார். "உசுரு போன வண்டி. அப்படியே விட்டா வீட்டுக்கு ஆகாது" என்றார். நான் சன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டிலிருந்து வழிந்த தண்ணீர் வாசல் வழியாகச் சாக்கடைக்குப் போனது. உங்கள் தலைமுடி எண்ணெய் வாசம் அந்தச் சீட்டில்தான் இருந்தது, அப்பா. அதைத்தான் அவர் ஓஸ் பைப்பால் அடித்து விரட்டினார்.

அடுத்த நாள் காரியத்துக்குச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வண்டியை எடுத்தேன். ஸ்டார்ட் ஆனதும் டேஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் லைட் எரிந்தது. அணையவில்லை. போய்விட்டுத் திரும்பி வந்து பெரியப்பாவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

"பாத்தியா? அன்னைக்கும் இது எரிஞ்சுதான் இருக்கும். பதட்டத்துல இவ எங்கிட்டுப் பாத்துருப்பா?" என்றார், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க.

அவ்வளவுதான். இரண்டு நாளில் வடமதுரை அத்தை போனில் கேட்டாள். "ஏன்டி, வண்டி நடுரோட்டுல நின்னுருச்சாமே? பின்னாடி வந்த பஸ்ஸ நிப்பாட்டி ஏத்தியிருந்தாலும் அண்ணே பொழைச்சிருக்குமேடி." வண்டி எங்கேயும் நிற்கவில்லை அத்தை என்றேன். "சரி விடு, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றாள். மன்னிப்பது போல! அந்தப் போனை நான் சுவரில் எறியாமல் வைத்தது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்கிறேன். நானும் பாதி நம்பினேன். அன்று உங்கள் கை எவ்வளவு சில்லென்று இருந்தது என்பது நினைவிருக்கிறது. சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லாதது நினைவிருக்கிறது. டேஷ்போர்டு மட்டும் நினைவில் இல்லை. எரிந்ததா, எரியவில்லையா? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. யோசிக்க யோசிக்க, மூன்றாவது கியரில் வண்டி கொஞ்சம் மந்தமாக இருந்தது போலக்கூடத் தோன்ற ஆரம்பித்தது. மில்லில் நூலின் பலத்தைச் சோதிக்கிற வேலை எனக்கு. மெஷின் காட்டாத எண்ணை நான் எழுத மாட்டேன். அப்படிப்பட்டவள் நடக்காத ஒன்றை நினைவாக நூற்றுக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் சென்சாரா இருக்கும். விக்கிற வண்டிக்கு எதுக்குச் செலவு? ஆளு வார அன்னைக்கு லைட்ட அழிச்சு விட்டுரலாம்" என்றார். விற்கிற வண்டி என்று என்னிடம் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அன்றே வீட்டில் வைத்துப் பார்க்கிற ஸ்கேனர் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் செருகினால், வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருப்பதையெல்லாம் போனில் காட்டும். கூரியர் வந்தபோது பெரியப்பா வாசலில்தான் இருந்தார். "என்னத்தா, வண்டிக்கு ஈசிஜி எடுக்கப் போறியாக்கும்?" என்றார். சிரிக்க வேறு செய்தார்.

சனிக்கிழமை மதியம் செருகினேன். அந்தப் பெட்டி நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்காமலே வாங்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரே ஒரு கோளாறு காட்டியது. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி: லைட் எரிந்தபின் ஓடிய தூரம், மூன்று கிலோமீட்டர்.

மூன்று. கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி வந்த தூரம், அப்பா. ஆஸ்பத்திரிக்குப் போனது மட்டுமே இருபதுக்கு மேல். லைட் எரிந்த அந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருந்தது. வேகம் பூஜ்யம். இன்ஜின் சூடேறவே இல்லை. அப்போதுதான் ஸ்டார்ட் செய்து நின்றுகொண்டிருந்த வண்டி. வாசலில் நின்ற வண்டி.

பானட்டைத் திறந்து அந்தச் சென்சாரின் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே கம்பிகளைச் சுற்றி மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்து அழுவேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை. உங்களைத் தீட்டு என்று கழுவிய தண்ணீர் லைட்டை எரியவைத்தது. அந்த லைட்டைக் காட்டி என்னைக் கொலைகாரி ஆக்கினார்கள். பிளக்கை அப்படியே மாட்டிவிட்டு உள்ளே போனேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வந்தார். பூ வியாபாரி, வயதானவர். டயரை உதைத்துப் பார்த்தார். சாவியைப் போட்டதும், "என்னங்க, லைட்டு எரியுது?" என்றார்.

"அது ஒண்ணுமில்ல. எங்க புள்ள மெசினு வச்சிருக்கு, ஒரு தட்டுத் தட்டுனா போயிரும்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, அந்த லைட்ட அழிச்சு விடு."

"அழிச்சா உள்ள இருக்குற கணக்கும் சேந்து அழிஞ்சிரும் பெரியப்பா. மொதல்ல அதப் படிச்சிர்றேன்."

"யாரு கேட்டா இப்ப?"

"வடமதுரை அத்தை கேட்டாங்க. நீங்க வீட்டுல ஒக்காந்து இருவது பேருகிட்டச் சொன்னீங்க. அதனால படிக்கிறேன்."

படித்தேன். மூன்று கிலோமீட்டர். வேகம் பூஜ்யம். பிளக்கைக் கழற்றி மஞ்சளைக் காட்டினேன். அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா முகம் கறுத்தது. "அப்ப நான் கழுவுனதுதான் தப்பா?"

"கழுவுனது தப்பில்ல. எதக் கழுவுனீங்க? உங்க தம்பியத்தான?"

"வாய் ரொம்ப நீளுது. மெசினு ஆயிரம் சொல்லும். உசுரு போன வண்டியக் கழுவாம என்ன செய்வாக?"

அதுவரை பானட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பூ வியாபாரி நிமிர்ந்தார். "உசுரு போன வண்டியா? ஏனுங்க, எங்கிட்ட டாக்டரு ஓட்டுன வண்டின்னீங்க?"

பெரியப்பா பானட்டை மூடப் போனார். பூ வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லா இருக்குங்க. வண்டி வாங்க வந்தவனப் பஞ்சாயத்துல ஒக்கார வெச்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாதி தூரம் போய்த் திரும்பி என்னைப் பார்த்து, "தங்கம், அந்த பிளக்கக் காய வெச்சு மாட்டுங்க. வண்டி நல்ல வண்டி" என்றார்.

யோசித்துப் பாருங்கள் அப்பா. நம் வீட்டுக்கு ஆகாத வண்டி, பூ விற்கிற மனிதரின் வீட்டுக்கு மட்டும் ஆகுமாம். பெரியப்பா அதற்குப் பிறகு இங்கே வரவில்லை. வர வேண்டாம்.

பிளக்கைத் துடைத்துக் காய வைத்து மாட்டினேன். ஸ்கேனரில் அழித்தேன். லைட் மறுபடி வரவில்லை. இதோடு இந்தக் கடிதம் முடிந்திருக்க வேண்டும். எண் என் பக்கம் இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

அன்று மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு அம்மா எதிரில் உட்கார்ந்தாள். "நீ காரணமில்லைன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள்.

எனக்குக் கொதித்தது. "தெரிஞ்சா ஏம்மா இம்புட்டு நாளு வாயத் தொறக்கல? எல்லாரும் பேசுனப்ப நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "முந்துன நாளு சாயந்தரமே நெஞ்சப் பிடிக்குதுன்னாருடி. இடது கை மரத்துப் போகுதுன்னாரு. புள்ளகிட்டச் சொல்லாத, மில்லுக்கு லீவு போட்டுருவான்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாரு. நானும் சொல்லல. உன்னயச் சொன்னாக. என்னய யாரும் கேக்கலையேன்னு இருந்துட்டேன். அப்பத்தான்டி எனக்கு மூச்சே வந்துச்சு."

நான் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆமாம், அப்படித்தான் செய்தேன். அவளைத் தொடக்கூட இல்லை.

இப்போது நாலு நாளாகிறது. பெரியப்பா மேலிருந்த கோபம் எனக்குச் சின்னதாகிவிட்டது. அம்மா மேலும் அந்தக் கோபம் நிற்கவில்லை. அது நேராக உங்களிடம் வந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த அறையில் நான் இருந்தேன். வண்டி வாசலில் நின்றது. என் ஒரு நாள் லீவு அவ்வளவு பெரிதா, அப்பா? எதற்காக அந்தச் சத்தியம்? போகிறவர் போய்விட்டீர்கள். அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். மகளை ஊர் தூற்றும்போது மூச்சு விட்டுக்கொள்ளும் இடத்துக்கு அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நீங்கள்தான். எந்தப் பெட்டியைச் செருகி இதற்குக் கணக்குக் கேட்பது?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நாளை காலை அம்மாவிடம் போய் உட்காருவேன். அந்த ராத்திரி அவளுடையது இல்லை, உங்களுடையது என்று சொல்வேன். அவள் நம்பும் வரைக்கும் தினமும் சொல்வேன். யாராவது கேட்டால், எங்கள் அப்பாதான் மறைத்தார், அம்மா அவர் சொன்னபடி கேட்டாள் என்று உங்கள் பேரைச் சொல்லியே பதில் தருவேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். இந்தப் பழியைச் சுமக்க நம் மூவரில் உங்களால்தான் முடியும். அவளால் முடியவில்லை, அப்பா. அவள் சாப்பிடுவதே இல்லை.

இப்படிக்கு,
உங்களை இன்னும் மன்னிக்காத,
உங்கள் ஒரே மகள்