கேட்பதற்கு முன் வந்த பதில்

என் செல்லக் குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று எழுதிவிட்டு, இந்த வரியை இத்தனை காலம் யோசிக்காமலேயே எழுதி வந்திருக்கிறேனே என்று ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை போடு என்றால், மொதல்ல நீங்க உங்க பிரஷர் மாத்திரையைப் போடுங்க என்று என் பக்கம் திருப்பிவிடுகிறாள். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வர்றேன் சார் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிய பிறகு அம்மா முகம் சரியில்லை. என்ன என்றால், பிள்ளை குரல் ஒரு மாதிரி இருந்துச்சு என்கிறாள். சிக்னல் கோளாறு, நீ சும்மா இரு என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அப்பா இப்போது நடுங்கிப்போய்தான் இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் பயிற்றுநர் என்று ஒரு அம்மாவை அனுப்பியிருக்கிறார்கள். வாத்தியாருக்கே வாத்தியார் என்று வைத்துக்கொள். வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார், பிறகு நம்மோடு உட்கார்ந்து பேசுவார், பிள்ளைகள் இன்னும் நன்றாகப் படிக்க என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார், மறுபடி வந்து பார்ப்பார். வயது உன் வயதுதான் இருக்கும். முதலில் யார் வகுப்புக்கு என்றால், ஆறாம் வகுப்புக் கணக்குக்கு, அதாவது எனக்கு. தலைமையாசிரியை கூப்பிட்டு, இந்தத் தடவை எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு அடுத்த வருஷம் கணக்கு யாருக்குன்னு முடிவு பண்ணலாம் சார் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கணக்கை எடுத்துவிட்டால் நூலக அறைச் சாவியைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைப்பார்கள். கரும்பலகை இல்லாமல் நான் என்ன செய்வேன், சொல்.

பயத்தில் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. அந்த அம்மா வருவதற்கு முந்தின நாளே அதே பின்னப் பாடத்தை வகுப்பில் நடத்தி, யார் எந்தக் கேள்விக்குக் கை தூக்க வேண்டும் என்பது வரைக்கும் ஒத்திகை பார்த்துவிட்டேன். மறுநாள் அவர் பின்னால் போய் உட்காராமல் ஜன்னல் பக்கம் பிள்ளைகள் முகம் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டார், அதிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று. பலகையில் மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் எழுதிவிட்டுத் திரும்புகிறேன், எது பெரியது என்று நான் வாயே திறக்கவில்லை, மூணுல ஒண்ணு சார் என்று வகுப்பே கத்துகிறது. அதற்குமேல் முதல் பெஞ்சு வாயாடி எழுந்து, சார், அடுத்த கேள்வி எனக்குன்னு நேத்தே சொன்னீங்களே, எப்ப கேப்பீங்க என்கிறாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை, குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டார், சிரிப்பை அங்கேதான் ஒளித்திருக்க வேண்டும்.

பாடம் முடிந்து மாடிப்படிக்குக் கீழே வரைபடங்கள் வைக்கிற அறையில் உட்கார்ந்தோம். திட்டுவார் என்று பார்த்தால், இன்னிக்கு எந்தப் பிள்ளை எந்த இடத்துல தடுமாறுச்சு சார் என்று கேட்டார். தடுமாறவே விடவில்லையே நான், எனக்கு எப்படித் தெரியும். யாரும் தடுமாறலம்மா என்றேன். அப்ப நாம ரெண்டு பேரும் எதையும் பார்க்கலையே சார் என்றார் மெதுவாக. நான் பார்க்கிறது நம்ம ரெண்டு பேரோட நிக்கும், தலைமையாசிரியைகிட்டப் போகாது என்றும் சொன்னார், எனக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. பிறகு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். கேள்வி கேட்டதும் கோரஸாகப் பதில் சொல்லக் கூடாது, எல்லோரும் சிலேட்டில் எழுதி ஒன்றாகத் தூக்க வேண்டும், அதுவரை நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வாயை மூடுவதுதான் உங்கப்பாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

திங்கட்கிழமை ஒத்திகை இல்லாமல் செய்தோம். ஐந்தில் ஒன்று பெரியதா, எட்டில் ஒன்று பெரியதா என்று எழுதிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிலேட்டுகள் மேலே வந்தன. பாதிக்கு மேல் எட்டில் ஒன்று. எட்டு பெரிசுதானே சார் என்கிற முகங்கள். முதல் பெஞ்சு வாயாடியும் அதையேதான் எழுதியிருந்தாள். தினமும் புரிஞ்சுதா என்று கேட்பேன், புரிஞ்சுது சார் என்று கூரை அதிரும், அந்தச் சத்தத்தை நம்பி அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, இப்பதான் சார் பாடம் ஆரம்பிக்குது, நாளைக்குக் காகிதத்தை மடிச்சு வெட்டிப் பார்க்க விடலாமா, நானும் பிள்ளைங்க ஒரு குழுவோட உக்காந்துக்கறேன் என்றார். வெட்டினோம். கொஞ்சம் பேருக்குப் பிடிபட்டது, கொஞ்சம் பேர் இன்னும் விழிக்கிறார்கள். யார் யார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நாளைக்குத் தலைமையாசிரியையும் வந்து உட்காரப் போகிறாராம். மறுபடி ஒத்திகை பார்த்துவிடலாமா என்று இன்றைக்குப் பூராவும் மனசு அடித்துக்கொண்டது. பார்க்கவில்லை. தப்பான சிலேட்டுகள் அவர் கண் முன்னாலேயே உயரும், கணக்கு என் கையை விட்டுப் போனாலும் போகும்.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்திருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும், நான் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், நல்லா இருக்கேன்ப்பா, சாப்பிட்டேன், வேலை நல்லாப் போகுது, நீங்க மாத்திரை போட்டீங்களா என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். போன வாரமும் அதே. அதற்கு முந்தின வாரமும் அதே வரிசை. சிலேட்டுகளைப் பார்த்து அந்தப் புரிஞ்சுது சார் கூச்சலை நினைத்தபோது உன் குரலும் சேர்ந்து காதில் விழுந்தது, அன்றைக்கு உங்கம்மாவை வாயை மூடச் சொன்னது நெஞ்சைக் குத்துகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அப்படியானால் இந்தக் கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிரித்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடு, காய்ச்சல் என்றால் மறைக்காதே. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வரும் ஞாயிறு நான்தான் முதலில் கேட்பேன். எப்படி இருக்கேம்மா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன், இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறது. உடனே பதில் சொல்லாதே. நல்லா இல்லப்பா என்று சொல்வதானாலும் சொல், எவ்வளவு நேரமானாலும் போனை வைக்க மாட்டேன்.

பயத்தோடும் பாசத்தோடும்,
அப்பா